யாருடைய ஓய்வு நேரம்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிறு இதழில் வீட்டிலிருந்தே தொழில் செய்யும் பெண்களைப் பற்றி ஒரு முழுப் பக்கக் கட்டுரை வந்திருந்தது. படங்கள் வடிவாக இருந்தன, எழுதியவரும் நல்ல மனதோடுதான் எழுதியிருக்கிறார். ஆனால் வீட்டு வேலையையும் பிள்ளைகளையும் கவனித்துக்கொண்டே ஓய்வு நேரத்தில் கை நிறைய உழைக்கலாம் என்று நடுவில் பெரிய எழுத்தில் போட்டிருந்தீர்களே, அதற்குமேல் எனக்கு வாசிக்க மனம் வரவில்லை. எந்த ஓய்வு நேரம்? யாருடைய ஓய்வு நேரம்?

நான் உரும்பிராயில் கறித்தூள் செய்து விற்கிறவள். 2020 மார்ச்சில் கொரோனா வந்து யாழ்ப்பாணத்தையும் அபாயமான மாவட்டம் என்று சேர்த்து ஊரடங்கு போட்டபோது எங்கள் அவரின் வேலை நின்றது. அப்போது பக்கத்து வீடுகளுக்கு என்று தொடங்கியது, பிறகு கொழும்பு, பிறகு வெளிநாடு என்று போய்விட்டது. தூள் என்றால் வறுத்து அரைப்பதுதானே என்று நினைக்கிறார்கள். செத்தல் மிளகாயை வெயிலில் காயப்போட்டு, காம்பு கிள்ளி, மல்லியைப் புடைத்துக் கல் பொறுக்கி, மிளகு, சீரகம், பெருஞ்சீரகம், வெந்தயம், மஞ்சள், கறிவேப்பிலை என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாக அதனதன் பதம் பார்த்து வறுத்து, ஆறவிட்டு, மில்லுக்குக் கொண்டுபோய் வரிசையில் நின்று அரைப்பித்து, வீட்டுக்கு வந்து திரும்பவும் சூடு ஆறவிட்டு, அரித்து, நிறுத்து, பைக்கற்றில் போட்டுச் சீல் வைத்து லேபிள் ஒட்டவேண்டும். இதற்கிடையில் மழை இருட்டினால் முற்றத்துக்கு ஓடவும் வேண்டும். மிளகாய் வறுக்கிற நேரம் வீட்டுக்குள் ஒருவரும் நிற்க ஏலாது, இழுப்பு உள்ள பிள்ளை இருந்தால் கேட்கவே வேண்டாம். அதனால் பள்ளிக்கூடம் ஏழரைக்குத் தொடங்கி ஒன்றரைக்கு விடுவதற்கு இடையில் வறுப்பு முடியவேண்டும். அதற்குள்தான் சமையல். அதற்குள்தான் மாமியின் கிளினிக். பிள்ளைகள் வந்தால் சாப்பாடு, ரியூசன், பாடம், பின்னேரம் பார்சல் கட்டு. இதில் ஓய்வு நேரம் எங்கே இருக்கிறது என்று கட்டுரையாளர்தான் எனக்குக் காட்டித் தரவேண்டும்.

என்னை விடுங்கள். எங்கள் ஒழுங்கையில் தைக்கிற அக்கா ஒருவர் இருக்கிறார். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முந்திய இரண்டு கிழமையும் அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஒருவரும் சாப்பிட முடியாது, அது வெட்டுத் துணிக்குப் போய்விடும். கேக் அடிக்கிற தங்கச்சி ஒருத்திக்குச் சனியும் ஞாயிறும்தான் வேலை கூட, அவளின் பிள்ளைகள் வீட்டில் நிற்பதும் அந்த இரண்டு நாளும்தான். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினார்களே, அந்தக் காலத்தில் கரண்ட் வந்த நேரமெல்லாம் எங்களுக்கு வேலை நேரம், நடுச்சாமம் என்றாலும் எழும்பினோம். கரண்ட் பிறகு சரிவந்துவிட்டது. நடுச்சாமத்தில் எழும்பி வேலை செய்கிற பழக்கம் மட்டும் பல வீடுகளில் அப்படியே நின்றுவிட்டது.

பிறகு இந்தத் தொலைபேசி. ரொறன்ரோவில் கோடைகாலத்து மத்தியானம் பன்னிரண்டு என்றால் இங்கே இரவு ஒன்பதரை. லண்டனில் ஒருவர் வேலை முடிந்து வந்து ஆறு மணிக்கு எடுத்தால் இங்கே பத்தரை, குளிர்காலத்தில் இன்னும் ஒரு மணித்தியாலம் கூடும். அவர்களில் எனக்குக் கோபம் இல்லை. ஊர்த் தூளின் மணம் வேண்டும் என்று ஆசையாகக் கேட்கிறார்கள், காசும் ஒழுங்காக அனுப்புகிறார்கள், உள்ளூரில் சிலரைப்போல "எழுதி வையுங்கோ அக்கா" என்று சொல்லிவிட்டுப் போவதில்லை. ஆனால் எடுத்தவுடன் தூள் கதை மட்டும் வராது, ஊர்க்கதையும் வரும், அதை இடையில் வெட்டினால் மரியாதைக் குறைவு. வைக்கும்போது பதினொன்றரை ஆகிவிடும், பக்கத்தில் பிள்ளை நித்திரை.

லேபிளையும் சொல்லவேண்டும். சாப்பாட்டுப் பொருள் பைக்கற் என்றால் செய்தவரின் பெயரும் விலாசமும் அதில் இருக்கவேண்டும், அது சட்டம், நல்ல சட்டம்தான். ஆனால் கடை வைத்திருக்கிறவருக்கு அது கடை விலாசம். எங்களுக்கு அது வீட்டு விலாசம். ஆகவே விடிய ஆறு மணிக்கும் படலையில் வந்து நின்று "நாளைக்குப் பிளேன், ரெண்டு கிலோ கட்டாயம் வேணும்" என்பார்கள். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைக்குத் தலை இழுத்துக்கொண்டிருக்கும்போதும் வருவார்கள். வீட்டிலதானே நிற்கிறீர்கள் என்று சிரிப்பார்கள். உறவுக்காரர் இன்னும் மேல். செத்த வீடோ சாமத்திய வீடோ என்றால் வேலைக்குப் போகிறவர் பின்னேரம் வந்து முகம் காட்டினால் போதும், நான் விடியவே போய் நிற்கவேண்டும், ஏனென்றால் எனக்கு 'வேலை' இல்லை.

எங்கள் ஒழுங்கையிலேயே ஒரு தம்பி வெளிநாட்டுக் கம்பனி ஒன்றுக்கு வீட்டில் இருந்து கணினி வேலை செய்கிறார். கெட்டிக்காரப் பிள்ளை. அவரின் அறைக் கதவு சாத்தியிருந்தால் தாய் போகிற வருகிறவர்களுக்கு எல்லாம் "மெல்லக் கதையுங்கோ, தம்பி வேலை செய்யிறான்" என்று சொல்லுவா. சாப்பாடு அறைக்குப் போகும். அவரும் வீட்டிலேதான் நிற்கிறார். அவரிடம் யாராவது அடுப்பில் சோறு இருக்கிறது, ஒருக்காப் பார்த்துக்கொள் என்று சொல்லி நான் கேட்டதில்லை. இத்தனைக்கும் அந்தத் தாயே பின்னேரத்தில் ஒடியல் மா இடித்து விற்கிறவ. அவவுக்கு யாரும் மெல்லக் கதைப்பதில்லை. வீட்டில் இருந்து உழைப்பதில் உள்ள கரைச்சல் 'வீட்டில்' என்பதில் மட்டும் இல்லை, யார் உழைக்கிறார் என்பதிலும் இருக்கிறது. புள்ளிவிபரத் திணைக்களம் 2017இல் நாடு முழுக்க நேரப் பயன்பாட்டு ஆய்வு ஒன்று நடத்தியது, சம்பளமில்லாத வீட்டு வேலையில் பெண்கள் போடும் நேரம் ஆண்கள் போடுவதைவிட எவ்வளவோ கூட என்று அதில் வந்தது. அதற்கு ஆய்வு தேவையில்லை, எந்தக் குசினியிலும் போய்ப் பார்க்கலாம், ஆனாலும் அரசாங்கத் தாளில் வந்தால்தான் சிலர் நம்புவார்கள்.

சரி, இது எல்லாருக்கும் தெரிந்த கதை, இதற்கு என்ன செய்வது என்று கேட்பீர்கள். இந்த விசயத்தைப் பேசுகிறவர்கள் எல்லாரும் நேர அட்டவணை போடு, விடிய எழும்பு, தியானம் செய், உனக்கென்று அரை மணித்தியாலம் ஒதுக்கு என்கிறார்கள். எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. வீடும் தொழிலும் ஒன்றை ஒன்று விழுங்குவது நேரத்தை ஒழுங்குபடுத்தத் தெரியாததால் இல்லை, விலையை ஒழுங்காகப் போடாததால். இதைத்தான் நான் எழுத வந்தேன்.

பிரதேச செயலகத்திலும், விதாதா வள நிலையத்திலும், தொண்டு நிறுவனங்களிலும் எங்களுக்குப் பயிற்சி தருகிறார்கள். நானும் போயிருக்கிறேன். பொதி செய்வது, லேபிள், வியாபாரப் பெயர் பதிவு, முகநூலில் படம் போடுவது எல்லாம் சொல்லித் தருகிறார்கள், உதவியாகவும் இருந்தது. செலவுக் கணக்கு என்று ஒரு தாளும் தருவார்கள். அதில் மூலப்பொருள் இருக்கும், மில் கூலி இருக்கும், பைக்கற், போக்குவரத்து இருக்கும். செய்கிறவளின் கூலிக்கு ஒரு வரி இருக்காது, இருந்தாலும் அதை வெறுமையாக விட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவார்கள். எல்லாம் கழித்து மிஞ்சுவது உங்கள் லாபம் அக்கா என்று கைதட்டுவார்கள்.

அந்தக் கணக்கை வேறு மாதிரிப் போட்டுப் பார்ப்போம். 2025இல் தேசிய குறைந்தபட்ச சம்பளத்தை மாதம் 27,000 ரூபாய், நாளுக்கு 1,080 ரூபாய் என்று உயர்த்தினார்கள். அந்த வருடம் நாட்டில் யாரையும் இதற்குக் கீழே கொடுத்து வேலை வாங்கக்கூடாது என்று இருந்தது, அந்தக் கணக்கையே எடுப்போம். பத்துக் கிலோ தூளுக்கு, காம்பு கிள்ளுவதில் இருந்து சீல் வைப்பது வரைக்கும் ஒரு ஆளின் பதினாறு மணித்தியாலம் போகிறது என்று வையுங்கள். எட்டு மணித்தியாலப்படி அது இரண்டு நாள் கூலி, 2,160 ரூபாய், கிலோவுக்கு 216. இப்போது எல்லாச் செலவும் போகக் கிலோவுக்கு நூறு ரூபாய் லாபம் என்று சந்தோசப்படுகிற ஒருவரை எடுங்கள். அவருக்கு லாபமே இல்லை, கிலோவுக்கு 116 ரூபாயைத் தானே போட்டு மற்றவர்களுக்குத் தூள் கொடுக்கிறார். அந்த 116 ரூபாய் எங்கே இருந்து வருகிறது? அவரின் நித்திரையில் இருந்தும், பிள்ளையோடு இருக்கவேண்டிய நேரத்தில் இருந்தும், மருந்து எடுக்கப் போகாமல் தள்ளிப்போட்ட முதுகு நோவில் இருந்தும் வருகிறது. அடுப்பு எரிகிற செலவையே பலர் போடுவதில்லை. வீட்டுச் சிலிண்டர் 12.5 கிலோ, அதில் எவ்வளவு தூளுக்குப் போனது, எவ்வளவு சோற்றுக்குப் போனது என்று எந்தக் கொப்பியிலும் இல்லை.

விலை இப்படி இருந்தால் எந்த ஓடரையும் வேண்டாம் என்று சொல்ல ஏலாது. ஒன்றை விட்டாலும் அந்த மாதம் இடிக்கும். ஆகவே இரவு பதினொன்றுக்கும் எடுக்கவேண்டும், விடிய ஆறுக்கும் படலை திறக்கவேண்டும், ஞாயிறும் வறுக்கவேண்டும். மனத்தைக் கட்டுப்படுத்தி இதை நிறுத்த முடியாது. இரவில் தொலைபேசியை நிறுத்தி வை என்று சொல்லுவது சுகம். மிச்சம் இல்லாதவள் எப்படி நிறுத்துவாள்?

கடைகளிலும் அலுவலகங்களிலும் வேலை செய்கிறவர்களுக்கு என்று 1954இலேயே ஒரு சட்டம் வந்தது. நாளுக்கு எட்டு மணித்தியாலம், கிழமைக்கு 45, அதோடு கிழமையில் ஒன்றரை நாள் லீவு. யாழ்ப்பாணத்துக் கடைகளில் அது எவ்வளவு நடக்கிறது என்பது வேறு கதை. ஆனால் சம்பளத்துக்கு நிற்கிற பிள்ளைக்கு முறையிடவாவது ஒரு சட்டம் இருக்கிறது. நாங்கள் எங்களுக்கே முதலாளி என்று மேடையில் பொன்னாடை போர்த்துகிறார்கள், கணக்குப் பார்த்தால் அந்த முதலாளி தன் ஒரே தொழிலாளிக்கு லீவும் கொடுப்பதில்லை, குறைந்தபட்ச சம்பளமும் கொடுப்பதில்லை. தொழில் திணைக்களம் வந்து பிடிக்காத முதலாளி அவ ஒருத்திதான்.

விலையைக் கூட்டினால் வாங்குவார்களா என்று கேட்பது நியாயம். எல்லாரும் வாங்கமாட்டார்கள். நான் கூட்டியபோது சிலர் சூப்பர்மார்க்கட் பைக்கற்றுக்குப் போனார்கள், சிலர் இரண்டு ஒழுங்கை தள்ளி மலிவாகச் செய்கிறவரிடம் போனார்கள். வேலை குறைந்தது, கையில் நின்ற காசு குறையவில்லை. வெளிநாட்டில் இருப்பவர்களில் ஒருவர்கூட விலையைப் பற்றி வாய் திறக்கவில்லை, அங்கே கடையில் என்ன விலைக்கு வாங்குகிறார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். ஆனால் இதை நான் எல்லாருக்கும் புத்தியாகச் சொல்லமாட்டேன். என் வீட்டில் இன்னொரு வருமானமும் இருக்கிறது. போரில் கணவரை இழந்து தனியாகக் குடும்பம் நடத்துகிற ஒருத்தி, அதிலும் கிழமைக்குக் கிழமை கட்டவேண்டிய நுண்கடன் உள்ளவள், நாளைக்கு வரப்போகிற நல்ல வாடிக்கையாளருக்காக இன்றைக்கு வந்தவரைத் திருப்பி அனுப்ப முடியாது. அந்தக் கடன் எப்படிக் கழுத்தை நெரித்தது என்றால், 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்களின் ஒரு இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட கடன்களை அரசாங்கமே தள்ளுபடி செய்யவேண்டி வந்தது. அப்படிப்பட்டவளுக்கு நேர முகாமைத்துவம் பற்றி வகுப்பு எடுப்பதைப் போல ஒரு பகிடி வேறு இல்லை.

அதனால்தான் இது ஒருத்தி தனியாகச் செய்கிற காரியம் இல்லை என்கிறேன். ஒரு கிராமத்தில் ஐந்து பேர் தூள் செய்தால் ஐந்து பேரும் ஒருவரை ஒருவர் விலையில் வெட்டிக்கொண்டு இருக்கிறோம். மாதர் சங்கக் கூட்டத்தில் பக்கத்தில் பக்கத்தில் இருந்து தேத்தண்ணி குடிக்கிறோம், விலையை மட்டும் கதைப்பதில்லை. கள் இறக்குகிற தொழிலாளருக்குப் பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கங்கள் இருக்கின்றன, சங்கத்துக்குக் கள்ளைக் கொடுத்துவிட்டால் விற்கிற பாடு சங்கத்தோடு. அப்படி ஒன்று தூளுக்கும் வடகத்துக்கும் ஊறுகாய்க்கும் பருத்தித்துறை வடைக்கும் ஏன் வரக்கூடாது? குறைந்தது, இந்த விலைக்குக் கீழே ஒருவரும் கொடுப்பதில்லை என்று ஐந்து பேர் பேசி வைக்கலாம். வீட்டு விலாசத்துக்குப் பதில் சங்கத்தில் பொருளைக் கொடுத்து எடுக்கிற வசதி இருந்தால் படலையில் விடியக்காலை ஆள் நிற்காது. பயிற்சி தருகிற நிறுவனங்கள் இன்னொரு கேக் வகுப்புக்குச் செலவழிக்கிற காசில் இதைச் செய்து பார்க்கலாம்.

என் வீட்டு ஏற்பாட்டையும் சொல்லிவிடுகிறேன், கேட்டு எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். வறுப்பு கிழமையில் இரண்டு நாள்தான். ஓடருக்குப் பாதிக்காசு முன்கூட்டி வரவேண்டும், இது வந்த பிறகு 'கட்டாயம் வேணும்' என்கிறவர்களில் பலருக்கு அவ்வளவு கட்டாயம் இல்லை என்று தெரிந்தது. தொழிலுக்கு வேறு சிம், வாட்ஸ்அப் பிசினஸ் போட்டு, இரவு எட்டுக்குப் பிறகு வருகிற செய்திக்கு விடிய பதில் தருவேன் என்று அதுவே சொல்லிவிடும். கனடாக்காரருக்கு அது மரியாதையாகவும் இருக்கிறது, விடிய ஆறரைக்கு நான் பதில் போட்டால் அங்கே முதல் நாள் இரவு ஒன்பது, அவர்கள் முழித்துத்தான் இருப்பார்கள். தூளுக்கு வேறு சிலிண்டர். காம்பு கிள்ள ஒழுங்கையில் ஒரு அம்மாவுக்கு நாட்கூலி கொடுக்கிறேன். என் கூலியையும் ஒவ்வொரு மாதமும் வேறு கணக்கில் போடுகிறேன், கொஞ்சமாக இருந்தாலும் போடுகிறேன். தூள் வேலை செய்கிற பத்தியின், அதாவது வீட்டோடு சேர்ந்த சாய்ப்பின், கதவைப் பூட்டித் திறப்பை ஆணியில் மாட்டிவிட்டால் அன்றைக்கு வேலை முடிந்தது. பத்தி இல்லாத சின்ன வீடுகளில் இது கஷ்டம், தெரியும்.

நல்லூர்க் கொடியேறினால் இந்த ஒழுங்கெல்லாம் ஆட்டம் காணும், மறைக்கமாட்டேன். 25 நாள் திருவிழா, வெளிநாட்டுச் சனம் ஊரில், திரும்பிப் போகும்போது ஆளுக்கு நாலு ஐந்து கிலோ, அதே நாட்களில் எனக்கும் விரதம், தேருக்கும் தீர்த்தத்துக்கும் போகவேண்டும். இதற்கு நான் கண்ட வழி ஒன்றுதான், ஜூன் மாதத்திலேயே பதிவுக்காசு வாங்கி, இவ்வளவு கிலோதான் என்று மட்டுப்போட்டு, மட்டு முடிந்தவுடன் முடிந்தது என்று சொல்லிவிடுவது. போன முறை கொழும்பில் இருந்து ஒரு பெரிய ஆள் கேட்டும் இல்லை என்றேன். "இவ்வளவு பெருமையா?" என்று கேட்டார். ஓம் என்றேன்.

எங்கள் அவரைப் பற்றியும் ஒரு சொல். மில்லுக்குப் போவது, பார்சல் கொண்டுபோய்ப் போடுவது இப்போது அவரின் வேலை. ஆரம்பத்தில் சொந்தக்காரர் முன்னால் "நான் இவவுக்கு உதவி செய்யிறனான்" என்று சொல்லுவார். உதவி இல்லை, அந்தக் காசில் நீங்களும்தான் சாப்பிடுகிறீர்கள் என்றேன். கொஞ்ச நாள் முகம் தூக்கினார். இப்போது சொல்லுவதில்லை. மூத்தவன் சாதாரண தரம் படிக்கிறான், தன் சாப்பாட்டுக் கோப்பையைக் கழுவுகிறான், சனிக்கிழமைகளில் சோறும் போடுகிறான், அதனால் அவனுடைய படிப்பு ஒன்றும் குறையவில்லை.

ஆசிரியர் ஐயா, இப்படியான கட்டுரைகளைப் போடவேண்டாம் என்று நான் சொல்லவில்லை, போடுங்கள், எங்களுக்கு அது விளம்பரம். ஆனால் மாத வருமானம் எவ்வளவு என்று கேட்கிற உங்கள் நிருபர், அதற்கு எத்தனை மணித்தியாலம் வேலை செய்தீர்கள் என்றும் கேட்கட்டும். இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சடியுங்கள். வகுத்துப் பார்க்க வாசகர்களுக்குத் தெரியும்.

இப்படிக்கு,
வாசகி ஒருத்தி,
உரும்பிராய்.